கொல்லைப்புறத்து விருந்தாளிகள்

நம் வீடுகளில் சமையல் முடிந்ததும் முதலில் சாப்பிடுகிறவர் யார்? வீட்டு எஜமானர் என்று சொன்னால் அது அவருடைய நினைப்பு. முதல் பிடி காக்கைக்குத்தான். பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்த சாதத்தில் ஒரு பிடியைக் கொல்லைச் சுவரில் வைத்து, காக்கை வந்து கொத்திய பிறகே மனிதருக்கு இலை போடுவது பல குடும்பங்களில் இன்றைக்கும் உள்ள வழக்கம். ஸ்ரீரங்கத்து உத்தர வீதி, சித்திரை வீதிப் பக்கம் பகல் சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்னால் நடந்து பாருங்கள். காக்கைகள் கரைவதைவிட, காக்கைகளை மனிதர்கள் கூப்பிடுகிற குரல் பலமாக இருக்கும்.

"காக்காய்க்கு வெச்சியோடீ?" என்று கூடத்திலிருந்து மாமியார் கேட்பார்.

"வெச்சாச்சு அம்மா" என்று சமையலறையிலிருந்து மாட்டுப்பெண் பதில் சொல்லுவாள்.

"வந்துதோ?"

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. வைத்தவள் அடுப்பைக் கவனிக்கப் போயிருப்பாள். அல்லது ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டிருப்பாள்.

பட்சிகளுக்கு இரை வைப்பதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. வந்தது யார், எத்தனை பேர், சாப்பிட்டு எந்தப் பக்கம் போனார்கள் என்று பார்ப்பதில்தான் நாம் குறை வைத்துவிட்டோம். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு இலையைப் போட்டுவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் உள்ளே போவது நம் ஊர் மரியாதையா, சொல்லுங்கள்?

திருச்சிக்காரர்களுக்கு இதில் தனிப் பொறுப்பே உண்டு. காவிரிக்குத் தென்கரையில் உள்ள உறையூருக்குக் 'கோழியூர்' என்று ஒரு பழம்பெயர். ஒரு கோழி யானையை எதிர்த்து விரட்டியதாம். அதைப் பார்த்த சோழ மன்னன், 'இது வீரம் விளைகிற மண்' என்று அங்கேயே தலைநகரை அமைத்தானாம். ஆற்றுக்கு நடுவே ஸ்ரீரங்கத்தில் வேறொரு கதை. கோயிலை மணல் மூடி, மேலே காடு வளர்ந்து, இடமே தெரியாமல் போயிருந்த காலத்தில், மரத்திலிருந்த ஒரு கிளி சொல்லித்தான் சோழ ராஜா அதைக் கண்டுபிடித்தான். அதனால் அவனுக்குக் கிளிச்சோழன் என்றே பெயர் நிலைத்தது. கோயிலுக்குள் இருக்கும் கிளி மண்டபம் அந்தக் கதையை இன்றும் நினைவுபடுத்துகிறது.

கதையில் ஒன்றைக் கவனியுங்கள். ராஜா மரத்தடியில் நின்று, கிளி பேசியதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறான். அதைப் பிடித்துக் கூண்டில் போட்டு அரண்மனைக்கு எடுத்துப் போயிருந்தால் கோயில் கிடைத்திருக்குமா? நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் வளர்ப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. கொல்லையில் ஒரு கொய்யா மரம் இருந்தால் போதும். கிளிகள் தாமாகவே வரும்.

யார் யார் வருகிறார்கள்?

முதலில் வருகிறவர் காக்கையார். இவரில் இரண்டு ஜாதி உண்டு. கழுத்தில் சாம்பல் நிறத் துண்டு போட்டிருப்பது ஊர்க்காக்கை. உடம்பு முழுதும் கறுத்து, அலகு தடித்து, குரல் கனத்திருப்பது அண்டங்காக்கை. காக்கைக்கு ஆளைத் தெரியும் என்று நம் பாட்டிமார் சொல்லுவார்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 2006-ல் ஒரு விகாரமான முகமூடியைப் போட்டுக்கொண்டு அந்த ஊர்க் காக்கைகள் சிலவற்றைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டார்கள். அதற்குப் பிறகு பல வருஷங்களுக்கு அந்த முகமூடியை எவர் அணிந்து வந்தாலும் காக்கைகள் கூட்டமாகச் சேர்ந்து திட்டித் தீர்த்தன. பிடிபடாத காக்கைகளும் மற்றவை சொல்லிக் கற்றுக்கொண்டன. நம் வீட்டுச் சுவரில் வந்து உட்காருகிறவரும் நம்மைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார். நாம் அவரைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

பங்குனி பிறந்துவிட்டால் காக்கை வீட்டில் ஒரு தொடர்கதை ஆரம்பமாகும். வேப்பமரத்தில் காக்கை கூடு கட்டும். பக்கத்து மாமரத்தில் குயில் கூவும். கூவுகிறது ஆண் குயில். கன்னங்கரேல் என்று, இரத்தச் சிவப்புக் கண்ணோடு இருக்கும். பெண் குயில் பழுப்பு நிறம், உடம்பெங்கும் வெள்ளைப் புள்ளி. அதற்குக் கூவ வராது, 'கிக், கிக், கிக்' என்று கத்தத்தான் தெரியும். சமயத்தில் ஆண் குயில் காக்கையின் எதிரில் போய் வம்புக்கு இழுக்கும். காக்கை கோபத்தோடு துரத்திக்கொண்டு போகும். அந்த நேரம் பார்த்துப் பெண் குயில் காக்கைக் கூட்டில் புகுந்து முட்டையிட்டுவிட்டு வந்துவிடும். பிறகு நாற்பது ஐம்பது நாளைக்கு நமக்குச் சுவாரசியத்துக்குக் குறைவே இல்லை. காக்கைத் தாய் வாயில் இரையோடு வர, குயில் குஞ்சு இறக்கையை அடித்துக்கொண்டு அழுவதை ஜன்னலில் இருந்தே பார்க்கலாம். அடுத்த அத்தியாயத்துக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை!

கொல்லையில் திடீரென்று ஏழெட்டுப் பேர் கூடிக் கூச்சல் போடுவது கேட்டால், வெளியே எட்டிப் பாருங்கள். தவிட்டு நிறத்தில், சருகைப் புரட்டிக்கொண்டு தத்தித் தத்திப் போகும் கூட்டம் தவிட்டுக்குருவிகள். வடக்கே இவற்றின் உறவினரை 'ஏழு சகோதரர்கள்' என்றும், வெள்ளைக்காரர்கள் 'ஏழு சகோதரிகள்' என்றும் சொல்லுவார்கள். நிஜமான கூட்டுக் குடும்பம் இதுதான். ஒருத்தி குஞ்சு பொரித்தால், அத்தை, சித்தி, ஒன்றுவிட்ட அண்ணன் என்று எல்லோரும் இரை கொண்டுவந்து ஊட்டுகிறார்கள். எத்தனை இரைச்சல் போட்டாலும் தனிக்குடித்தனம் என்ற பேச்சு எழுவதில்லை.

செம்பருத்திப் பூவில் தலைகீழாகத் தொங்கித் தேன் உறிஞ்சுகிற கட்டைவிரல் அளவுப் பறவை தேன்சிட்டு. துணி உலர்த்தும் கொடியிலோ, முன்கட்டு மின்சாரக் கம்பியிலோ, சுருக்குப்பை மாதிரி ஒரு கூட்டைத் தொங்கவிட்டு, சிலந்தி நூலால் இழுத்துக் கட்டி, வாசலுக்கு மேலே தாழ்வாரம்கூட இறக்கியிருக்கும். குப்பை என்று துடைப்பத்தால் தட்டிவிட்டவர்கள் உண்டு, ஆகையால்தான் சொல்லுகிறேன். தையல்சிட்டோ அதையும் மிஞ்சியவள். எலுமிச்சை, கொய்யா இவற்றின் இலைகளை ஒட்டினாற்போல் வளைத்து, அலகையே ஊசியாக்கி ஓரத்தில் துளை போட்டு, பஞ்சையும் சிலந்தி நூலையும் கோத்துத் தைத்துவிடுவாள். இலை வாடுவதில்லை, பச்சையாகவே இருக்கும். அருகில் நின்றாலும் கூடு கண்ணில் படாது.

ஐப்பசி கார்த்திகைக்குப் பின் மொட்டை மாடிக்கு வெளியூர் விருந்தாளிகளும் வருவார்கள். வாலை ஆட்டிக்கொண்டே நடக்கும் வாலாட்டிக் குருவியும், கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலானும், ரோஜா நிற உடம்பும் கறுப்புத் தலையுமாகப் பெருங்கூட்டமாக வரும் சூறைக்குருவியும் வெகுதூரத்திலிருந்து குளிருக்குப் பயந்து வந்தவர்கள். சூறைக்குருவிக்குச் சொந்த ஊர் மத்திய ஆசியா!

வராதவர் ஒருவர்

இத்தனை பேரைச் சொல்லிவிட்டு, வழக்கமாக முதல் பந்தியில் உட்காருகிற ஒருவரைச் சொல்லவில்லையே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். சிட்டுக்குருவியைத்தான் சொல்லுகிறேன்.

திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீளமாகப் போகும் பழைய வீடுகளில் சிட்டுக்குருவி வாடகை கொடுக்காத குடித்தனக்காரர். நாட்டு ஓட்டின் இடுக்கிலும், சுவரில் சாய்த்து மாட்டிய படத்துக்குப் பின்னாலும் வைக்கோலைத் திணித்துக் கூடு வைக்கும். நிலைக்கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்துச் சண்டை போடும். முறத்தில் அரிசி புடைக்கும்போது சிந்திய நொய்யும், வாசலில் போட்ட அரிசிமாவுக் கோலமும், உத்தரத்தில் கட்டிய நெற்கதிர்க் கொத்தும் அதற்குச் சாப்பாடு. இன்று அரிசி சுத்தமாகப் பையில் வந்து இறங்குகிறது. கோலம் கல்மாவில் போடப்படுகிறது. ஓட்டு வீடு இடிந்து அந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பிவிட்டது. வழவழவென்று பூசிய சுவரில் குருவி எந்த இடுக்கில் புகும்?

செல்போன் கோபுரங்களால்தான் குருவி அழிந்தது என்று பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு உறுதியான சான்று இதுவரை இல்லை. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020-ல் வெளியான அறிக்கை, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, சென்னை உள்பட ஆறு பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று சொல்லியது. கிராமத்தில் இருக்கிறது, பட்டணத்தை விட்டுப் போகிறது என்றால், குருவிக்கு என்ன குறை என்பதை நாம் நம் தெருவிலேயே தேடிப் பார்க்க வேண்டும்.

அந்தக் குறை தானியம் மட்டும் இல்லை. பெரிய குருவி தானியம் தின்னும். பிறந்த குஞ்சுக்கு அது ஆகாது. முதல் சில நாட்களுக்குப் புழுவும் பூச்சியும்தான் வேண்டும். நம் குழந்தைக்குப் பால் மாதிரி. 1958-ல் சீனாவில் தானியத்தைத் தின்கிறது என்று சிட்டுக்குருவிகள்மேல் யுத்தமே தொடுத்தார்கள். தாம்பாளத்தையும் தகரத்தையும் தட்டி, உட்கார விடாமல் விரட்டி, களைத்து விழுந்தவற்றைக் கொன்றார்கள். பயிரைத் தின்னும் பூச்சிகள் பெருகின. 1960-ல் பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். அந்த வருஷங்களில் அங்கே வந்த பெரும் பஞ்சத்துக்குப் பல காரணங்கள் உண்டு. குருவியைக் கொன்றதும் அவற்றில் ஒன்று.

ஆகவே கறிவேப்பிலைச் செடியில் நாலு புழு வந்துவிட்டதே என்று உடனே மருந்து தெளிக்காதீர்கள். அந்தப் புழு யாரோ ஒரு குஞ்சுக்கு இரை.

எப்படி வைப்பது?

காக்கைக்கு வைக்கும் சாதம் ஒரு பிடி போதும். ஊறுகாய், வடாம், உப்பும் காரமும் தூக்கலான பதார்த்தம், எண்ணெயில் பொரித்தது இவை வேண்டாம்; ஊசிப்போனதும் கூடாது. நமக்கு ஆகாதது அவர்களுக்கு மட்டும் ஆகுமா?

குருவிக்குக் கம்பு, தினை, குருணை அரிசி. மைனாவுக்கும் கொண்டைக்குருவிக்கும் வாழைப்பழம், பப்பாளி, கொய்யாத் துண்டு. தினமும் ஒரே நேரத்தில், அரைமணியில் தீர்ந்துபோகிற அளவு வையுங்கள். படி படியாகக் கொட்டினால் மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். மாடப்புறாக்கள்தான் கூட்டம் கூட்டமாக வரும். அவை ஏற்கெனவே நாடெங்கும் பெருகியிருக்கின்றன. புறா எச்சம் காய்ந்து தூசியாகி மூச்சில் புகுந்தால் சிலருக்கு நுரையீரல் நோய் வருகிறது. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் இதில் கவனமாக இருங்கள். கீழ்வீட்டு அம்மாளின் உலர்ந்த துணியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தானியத்தைவிடத் தண்ணீர் பெரிது. திருச்சி வெயிலைப் பற்றித் திருச்சிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? அக்கினி நட்சத்திரத்தில் காவிரியே மணலாகக் கிடக்கும்போது குருவி எங்கே போகும்? அகலமான மண் தட்டில் இரண்டு விரல்கடை ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, நடுவே ஒரு கல்லைப் போட்டு நிழலில் வையுங்கள். பூனை பதுங்க இடமில்லாத இடமாக இருக்கட்டும். தினமும் தேய்த்துக் கழுவி வேறு தண்ணீர் மாற்றுங்கள். இல்லாவிட்டால் பறவைக்கு நோய், நமக்குக் கொசு.

இடம் கொடுக்க மனமிருந்தால் ஒரு சிறு மரப்பெட்டி. ஒன்றேகால் அங்குலத் துவாரம், அதற்கு மேல் வேண்டாம். பெரிதாக இருந்தால் மைனா பிடித்துக்கொள்ளும். எட்டுப் பத்தடி உயரத்தில், வெயிலும் மழையும் படாத தாழ்வாரத்தில் மாட்டுங்கள். மாட்டிய மறுநாளே யாரும் கிரகப்பிரவேசம் செய்யவில்லையே என்று சலித்துக்கொள்ளக் கூடாது. சில பெட்டிக்கு ஒரு வருஷம்கூட ஆகும். குடி வந்துவிட்டால் திறந்து பார்க்கக் கூடாது. பிரசவ அறைக்குள் அடிக்கடி எட்டிப் பார்க்கிறவர்களை யாருக்குத்தான் பிடிக்கும்?

பால் கணக்கு எழுதுகிறவருக்கு

பறவை பார்ப்பது என்றால் தொப்பியும் தூரதிருஷ்டிக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போக வேண்டும் என்று ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996-ல் மறையும் வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். யானைகளைக் காட்டில் தேடிப் போய்ப் படமெடுத்த அந்த மனிதர், சென்னையில் தம் வீட்டைச் சுற்றி வந்த காக்கையையும் அணிலையும் பற்றி அதே சிரத்தையோடு எழுதினார்.

பெண்களிலும் இருந்திருக்கிறார்கள். இன்று ஜார்க்கண்ட் என்று வழங்கும் பகுதியின் பறவைகளைப் பல வருஷம் ஆராய்ந்து எழுதிய ஜமால் ஆரா என்ற அம்மையார் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். சிறுவர்களுக்காக அவர் எழுதிய பறவைப் புத்தகத்தை நேஷனல் புக் டிரஸ்ட் 1970-ல் வெளியிட்டது. அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்தில் கொலம்பஸ் நகரத்து ஆற்றங்கரை வீட்டில் மார்கரெட் மோர்ஸ் நைஸ் என்ற அம்மாள், பெண் குழந்தைகளை வளர்த்துக்கொண்டு, 1928 முதல் எட்டு வருஷம் தம் வீட்டுப் பின்புறத்து பாட்டுக்குருவிகளைக் கவனித்தார். ஒவ்வொரு குருவிக்கும் காலில் வண்ண வளையம் போட்டு, எது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும்படி குறிப்பு எழுதினார். அவை 1937-லும் 1943-லும் இரண்டு பாகங்களாக வெளிவந்தபோது உலகத்துப் பறவை அறிஞர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 'வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி' என்று யாராவது குறிப்பிட்டால் அந்த அம்மாளுக்குக் கோபம் வந்துவிடுமாம். தாம் முறையாகப் பயின்ற விலங்கியலாளர் என்று உடனே திருத்துவாராம்!

நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். பால் கணக்கு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கம் போதும். தேதி, மணி, எந்தப் பட்சி, எத்தனை. பெயர் தெரியாவிட்டால் நிறம், அளவு, வால் நீளம். ஒரு மாதம் எழுதினால், எது தினம் வருகிறது, எது ஜோடியாக வருகிறது என்று தெரியும். ஒரு வருஷம் எழுதினால் உங்கள் கொல்லைக்கே ஒரு பஞ்சாங்கம் கிடைத்துவிடும்.

இந்தக் கணக்கினால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். இந்தியப் பறவைகளைப் பற்றி 2023-ல் வந்த அறிக்கை, முப்பதாயிரம் பறவைப் பிரியர்கள் அனுப்பிய சுமார் 3 கோடிக் குறிப்புகளைக் கொண்டுதான் 942 வகைப் பறவைகளின் நிலையைக் கணித்தது. அவர்களில் பலர் வீட்டிலிருந்தபடி எழுதியவர்கள். குயிலும் மயிலும் மாடப்புறாவும் பெருகிவருகின்றன, வேறு பல இனங்கள் குறைந்துவருகின்றன என்று தெரிந்தது இப்படித்தான். ஸ்ரீரங்கத்துக் குருவியைப் பற்றி ஸ்ரீரங்கத்துக்காரர் எழுதாமல், டெல்லியிலிருந்து யாரோ வந்து எழுதுவார் என்று எதிர்பார்க்கலாமா?

ஒவ்வொரு பிப்ரவரியிலும் நான்கு நாட்கள் 'கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு' நடக்கிறது. 1998-ல் அமெரிக்காவில் ஆரம்பித்தது. 2013 முதல் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிஷம் ஓரிடத்தில் இருந்து எண்ணி, செல்போனிலேயே அனுப்பிவிடலாம். நம் வீதிகளில் பிள்ளைகளும் பெண்களும் கடல் கடந்து போய்விட, பெரியவர்கள் இரண்டு பேர் மட்டும் அத்தனை பெரிய வீட்டில் இருக்கிற குடும்பங்கள் எத்தனை! இங்கே பாட்டி மைனாவை எண்ண, அங்கே பேரன் பனியில் வரும் ஏதோ ஒரு குருவியை எண்ண, ராத்திரி டெலிபோனில் பேசிக்கொள்ள ஒரு புது விஷயம் கிடைக்குமே. 'சாப்பிட்டாயா, தூங்கினாயா' என்பதற்கு மேல் பேச ஒன்றும் இல்லாமல் தவிக்கிற தாத்தா பாட்டிமாருக்கு இது பெரிய சகாயம்.

அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே நமக்கென்று ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில் 'பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு' நடத்துகிறார்கள். நாள் பொருத்தத்தைப் பாருங்கள்! பொங்கலுக்கு மறுநாள் கனு. மஞ்சள் இலையில் மஞ்சள் சாதமும் சிவப்புச் சாதமும் சர்க்கரைப் பொங்கலும் கரும்புத் துண்டும் பிடி பிடியாக வைத்து, கூடப் பிறந்தவர்கள் காக்கைக் கூட்டம் போலப் பிரியாமல் இருக்க வேண்டும் என்று நம் பெண்கள் காவிரிக் கரையிலும் மொட்டை மாடியிலும் வேண்டிக்கொள்ளும் நாள். பட்சிகளுக்கென்றே விருந்து வைக்கும் நாளில் பட்சிகளை எண்ணவும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

வருகிற கனுவன்று இலையை வைத்துவிட்டு உடனே இறங்கிவிடாதீர்கள். ஒரு பதினைந்து நிமிஷம், கொஞ்சம் தள்ளி, சத்தம் போடாமல் உட்காருங்கள். வீட்டுக் குழந்தைகளையும் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். காக்கை எத்தனை, மைனா எத்தனை, தவிட்டுக்குருவி எத்தனை என்று நோட்டில் எழுதுங்கள். சிட்டுக்குருவி வந்தால் அதை முதல் வரியில் எழுதுங்கள். வராவிட்டால் 'சிட்டுக்குருவி: இல்லை' என்று எழுதுங்கள். அதையும் சேர்த்து எழுதினால்தான் கணக்குச் சரியாக இருக்கும்.